முழு டிக்கெட்: கடலூர் – புதுச்சேரி தனியார் பேருந்து ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே வண்டி ஓட்டும் அண்ணன்மார்களுக்கும், படிக்கட்டில் நின்று விசில் ஊதும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். செவ்வாய், வெள்ளி இரண்டு நாட்களும் மதியம் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில், காதில் பெரிய நீல ஹெட்போன் மாட்டிய ஒரு பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். அது பாட்டுக் கேட்கிற ஹெட்போன் அல்ல, அதில் ஒயரே கிடையாது. பாறை உடைக்கும் இடங்களில் வேலை செய்பவர்கள் சத்தம் தாங்காமல் காதில் மாட்டிக்கொள்வார்களே, அந்த வகை. அவனுக்கு உங்கள் ஏர் ஹாரனும் பாறை உடைக்கிற சத்தமும் ஒன்றுதான்.

அவனுக்கு ஆட்டிசம். தமிழில் சிலர் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. அவன் மதியில் இறுக்கம் எதையும் நான் பார்த்ததில்லை. உலகம் அவன் காதுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் நம்மைவிட அதிகமாக நுழைகிறது, அவ்வளவுதான். நாம் கேட்டும் கேட்காமல் விட்டுவிடுகிற டியூப்லைட்டின் ரீங்காரம்கூட அவனை விடாது. கேட்ட பேச்சை அப்படியே திருப்பிச் சொல்வான். வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைத்தால், “ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில் எல்லாம் முன்னால் வா” என்று உங்கள் குரலிலேயே கூப்பிடுவான். பசிக்கிறது என்று அதற்குப் பொருள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் ஆறு ஆண்டுகளாகப் புதுச்சேரிக்குப் போய் வருகிறோம். போகிற வழியில் கெடிலம், பெண்ணையாறு, சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு என்று பாலங்களை விரல்விட்டு எண்ணுவான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் பெண்ணையாறு பெருகிப் போக்குவரத்து நின்றபோது, ஊரே வெள்ளத்தைப் பற்றிப் பேசியது. என் வீட்டில் செவ்வாய்க்கிழமை காணாமல் போய்விட்டது என்று ஒருவன் அழுதுகொண்டிருந்தான். அவனுடைய வாரத்தைத் தாங்கி நிற்கும் தூண்களில் உங்கள் பேருந்தும் ஒன்று. உங்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியது வேறொரு நாள். எந்த வண்டி, யார் என்று சொல்லப்போவதில்லை. ஒருவர் வேலையைப் பறிப்பது என் நோக்கமல்ல. கிருமாம்பாக்கம் தாண்டியதும் பின்னால் வந்த வண்டியோடு போட்டி தொடங்கியது. இரண்டு வண்டிகளும் மாறி மாறி ஹாரன் அடித்தன. எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்த ஸ்பீக்கரில் பாட்டு. என் மகன் ஹெட்போன் மேலேயே இரண்டு கைகளையும் அழுத்திக்கொண்டு இருக்கையிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தான். கத்தினான். மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான். பார்ப்பவர்களுக்கு அது அடம் போலத் தெரியும். அடம் பிடிக்கிற பிள்ளை, கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். இது அப்படி அல்ல. நிரம்பிய குடம் வழிகிற மாதிரி. அந்த நேரத்தில் அதட்டலும் அறிவுரையும் இன்னும் ஒரு செம்புத் தண்ணீர்தான்.

நடத்துநர் வந்தார். “இதையெல்லாம் எதற்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள்?” என்று கேட்டார்.

இதை. குழந்தையை ‘அது’ என்று சொல்வது நம் வழக்கம்தான். கொஞ்சும்போது நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அரும்பு மீசை தெரிகிற பையனை, அவன் காதுபட அஃறிணையாக்கி, ஆறாம் வகுப்பில் படித்த திணை இலக்கணத்தை ஒரு நொடியில் மாற்றி எழுதினார் அந்தத் தம்பி. தவளக்குப்பத்தில் எங்களை இறக்கிவிட்டார்கள். வெயிலில் அடுத்த வண்டிக்காக நின்ற நேரம் முழுவதும் என் மகன் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்: “டிக்கெட் பாண்டி வரைக்கும் இருக்கிறது. டிக்கெட் பாண்டி வரைக்கும் இருக்கிறது.” வக்கீல் யாரும் இதைவிடச் சுருக்கமாக வழக்கைச் சொல்லியிருக்க முடியாது.

சட்டமும் அவன் பக்கம்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது, ஆட்டிசத்துக்கு அதில் இடம் இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 வகைகளாக விரித்து ஆட்டிசத்தையும் சேர்த்தது. அதன் 92-ஆவது பிரிவின்படி, பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, பல சுரங்களில் அலறும் ஹாரனைப் பொருத்தவே கூடாது என்கிறது. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் மிரட்டவும்தான்.

பயணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டுவது நியாயமல்ல. செல்போன் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்பார்கள். தடுப்பூசியால் வந்தது என்பார்கள். அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது என்பது முருங்கப்பாக்கம் வருவதற்குள் விளக்கக்கூடிய விஷயமா? ஒரு நாள் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, கெட்ட எண்ணம் இல்லாதவர், எனக்கு முறுக்குக்கூடக் கொடுத்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஸ்கேனில் பார்க்கவில்லையா? முன்னாலேயே தெரிந்திருந்தால்...” கர்ப்பகால ஸ்கேன் எதிலும் ஆட்டிசம் தெரியாது, பிள்ளை வளர வளர அதன் நடத்தையைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் கண்டறிகிறார்கள். அதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டது, அவர் முடிக்காமல் நிறுத்திய அந்த வாக்கியத்தைப் பற்றி. அந்த வாக்கியம் யாரைப் பற்றியதோ அவன் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பாலத்தை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் வேறு வகை. இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் ஏதோ ஓர் அபார மேதைமை ஒளிந்திருக்கும் என்பார்கள். என் மகனுக்கு உங்கள் வண்டிகள் புறப்படும் நேரமெல்லாம் மனப்பாடம், உங்கள் டைம் கீப்பரே அவனிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்காக அவனை மதிக்காதீர்கள். அவனோடு தெரபிக்கு வருகிற ஒரு சிறுமிக்கு நேரம் தெரியாது, எண் தெரியாது, ஒரு சொல்லும் வராது. எந்தத் திறமையும் வெளியே வரப்போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவளும் உங்கள் வண்டியில்தான் வருகிறாள்.

உங்கள் வண்டிகள் சிலவற்றில் முன்கண்ணாடிக்கு மேலே ‘அருட்பெருஞ்ஜோதி’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். வள்ளலார் நம் மாவட்டத்துக்காரர். வடலூரில் 1867-இல் அவர் மூட்டிய அடுப்பு இன்று வரை எரிகிறது. அந்தத் தருமசாலையில் பந்தியில் உட்காருகிறவரிடம் ‘உன்னால் என்ன பயன்?’ என்று கேட்டுவிட்டு யாரும் இலை போடுவதில்லை. பசிக்கிறதா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. டிக்கெட் இருக்கிறதா என்பதோடு உங்கள் விசாரணையும் முடிந்துவிட்டால் எனக்குப் போதும்.

அப்படி நடத்துகிற ஓர் ஓட்டுநர் உங்களிலேயே இருக்கிறார். ஒரு நாள் அவன் காதைப் பொத்துவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை, பாட்டை நிறுத்தினார். அடுத்த வாரம் நாங்கள் ஏறுவதற்கு முன்பே நிறுத்தியிருந்தார். பிறகு அவனிடமே, “ஹாரன் அடிக்கப் போகிறேன் தம்பி” என்று முன்கூட்டிச் சொல்லத் தொடங்கினார். சொல்லிவிட்டு அடித்தால் அவனுக்கு அது பாதிச் சத்தம்தான். அந்த வண்டியில் அவன் ஒருமுறைகூடத் தரையில் உட்கார்ந்ததில்லை. உங்களிடம் நான் கேட்பதெல்லாம் அவர் ஏற்கெனவே செய்துவிட்டார். அந்த வண்டி ஒரு நாளும் நேரம் தவறியதாகவும் தெரியவில்லை. இன்னொன்று, அவன் ஏறும்போது கூடுதலாகக் கொஞ்சம் பொறுங்கள். இடது காலைத்தான் முதலில் வைப்பான். தவறி வலது காலை வைத்துவிட்டால் இறங்கி மறுபடி ஏறுவான்.

சென்ற மாதம் அவனுக்குப் பன்னிரண்டு வயது முடிந்தது. பிறந்தநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அதே வண்டியின் நடத்துநர், பழக்கத்தில் அவனுக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். வாங்க மாட்டேன் என்றான். “பன்னிரண்டு முடிந்தது. முழு டிக்கெட்” என்றான். அவர் சிரித்து, “பரவாயில்லை, வைத்துக்கொள்” என்றார். அவன் எழுந்து நின்றுவிட்டான். பின் இருக்கையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நடத்துநர் என்ன நினைத்தாரோ, அரை டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “மன்னித்துக்கொள்ளுங்கள் சார்” என்று சொல்லி முழு டிக்கெட் கொடுத்தார். அது இன்னும் அவன் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

வரும் வெள்ளிக்கிழமை இரண்டு இருபது வண்டிக்கு வருவோம். சில்லறையை வியாழக்கிழமை இரவே எண்ணி வைத்துவிடுவான். யார் வண்டியாக இருந்தாலும் சரி, பாவம் பார்த்து அரை டிக்கெட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஆல்பேட்டை தாண்டும் வரை உட்கார மாட்டான்.

இப்படிக்கு,
ஹெட்போன் மாட்டிய பையனின் அம்மா,
வண்டிப்பாளையம், கடலூர்.