பதினேழாம் படத்தில் இருக்கும் கைகள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

முகமூடி அணிந்தவர்களை எடுத்து நீ அனுப்பிய 24 படங்களும் வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. தொலைபேசியில் நீ கேட்டபோது "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். அது உனக்குப் போதவில்லை என்பது உன் குரலிலேயே தெரிந்தது. 35 வருடம் ஸ்டுடியோ நடத்தியவன் மகளின் படங்களை இரண்டு சொல்லில் முடித்துக்கொண்டால் எந்த மகளுக்குத்தான் மனம் ஆறும்? ஆனால் அப்போது எனக்கு வேறு சொல் வரவில்லை. படங்களை மேசைமேல் பரப்பி வைத்து, காலையில் ஒரு முறையும் விளக்கு வைத்தபின் ஒரு முறையும் பார்த்து வந்தேன். இப்போதுதான் எழுத முடிகிறது.

முதலில் 17-ஆவது படம். ஆந்தை முகமூடி அணிந்து முக்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளின் படம். முகமூடி நல்ல வேலைப்பாடு. காகிதக்கூழில் ஒவ்வோர் இறகையும் தனித்தனியாகச் செய்து ஒட்டியிருக்கிறார்கள். ஆனாலும் என் கண் அங்கே தங்கவில்லை. மடியில் கிடக்கும் கைகளுக்கு இறங்கிவிட்டது. இடது கைப் பெருவிரல், மோதிர விரலின் அடியைத் தடவிக்கொண்டிருக்கிறது. விரலில் மோதிரத்தைக் காணோம். அது பல காலம் இருந்த இடத்தில் தோல் வெளுத்து, சற்றே உள்வாங்கியிருக்கிறது. முகம் திறந்திருந்தால் அந்த அம்மாள் கேமராவுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்திருப்பார், கைகளையும் அடக்கி வைத்திருப்பார். முகத்தைக் காவல் காக்கும் வேலை இல்லாமல் போனதும், கை தன்பாட்டுக்கு இருந்துவிட்டது. நான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் இப்படி ஒரு கை கிடையாது. எத்தனையோ கைகளை "மடியில் வையுங்கள், விரலைக் கோத்துக்கொள்ளுங்கள்" என்று நானே அடக்கியிருக்கிறேன்.

உருவப்படம் என்றால் முகம் என்றுதான் எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் சொன்னார். முகவாயைக் கொஞ்சம் தூக்கு, பார்வையை லென்ஸுக்கு மேலே வை, மூச்சைப் பிடி. கழுத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் உடுப்பு. உன் படங்களைப் பார்த்தபிறகு, கழுத்து எப்படித் தாங்குகிறது, பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தோள் இரண்டில் எது உயர்ந்திருக்கிறது என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதல் எட்டுப் படங்களில் இருப்பவர்கள் தொழில்முறை மாடல்கள், மற்றவர்கள் ஸ்டுடியோ வாசலையே மிதிக்காதவர்கள், இரண்டையும் சேர்த்து வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். எட்டில் ஏழு படங்களை நீக்கிவிடு. அந்தப் பிள்ளைகள்மேல் குறை சொல்லவில்லை. இடுப்பை எப்படி ஒடிப்பது, தோளை எந்தக் கோணத்தில் திருப்புவது என்பதெல்லாம் அவர்கள் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. முகத்தை மூடியதும் அந்தப் பழக்கம் இன்னும் இறுகுகிறது. முகமூடிக்குக் கீழே உடம்பும் ஒரு முகமூடியைப் போட்டுக்கொள்கிறது. ஐந்தாவது படத்தை மட்டும் வைத்துக்கொள். நரி முகமூடிக்காரப் பையன் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். படமெடுத்து முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. ஒரு முழங்கால் மடங்கியிருக்க, உள்ளங்கை மேல்நோக்கித் திறந்து கிடக்கிறது. அந்தப் படத்தை அவனிடம் காட்டிச் சம்மதம் கேட்டாயா? கேட்கவில்லையென்றால் உடனே கேட்டுவிடு. முகம் தெரியவில்லை என்பதால் அது அவனுடைய படம் இல்லை என்று ஆகிவிடாது. அவனைப் பெற்றவள் பார்த்தால் அந்த முழங்காலை வைத்தே சொல்லிவிடுவாள்.

11-ஆவது படமும் 12-ஆவது படமும் ஒரே முகமூடி என்பதை நம்பவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று. ஒன்றில் அழுகிறது, மற்றொன்றில் சிரிப்புக்கு அருகில் வந்துவிட்டது. கேமராவை நீ ஒரு சாண் இறக்கியதுதான் வித்தியாசம். முகமூடி அணிந்து ஆடும் ஜப்பானின் நோ நாடகக்காரர்களுக்கு இது பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த வித்தை. ஹினோகி என்ற ஊசியிலை மரத்தில் செதுக்கிய அவர்களுடைய முகமூடி நடிகரின் முகத்தைவிடச் சிறியது. முகவாய் வெளியே தெரியும். அதைச் சற்று நிமிர்த்துவதற்கு வெளிச்சமாக்குதல் என்றும், தாழ்த்துவதற்கு மேகம் கவியச் செய்தல் என்றும் பொருள்படும் தனித்தனிச் சொற்கள் அவர்களிடம் இருக்கின்றன. மரம் அசையவில்லை, நிழல் அசைகிறது. நீ இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்திருந்தால் இனித் தெரிந்தே செய். ஒவ்வொரு முகமூடிக்கும் மூன்று உயரங்களில் எடுத்துப் பார்.

வெளிச்சத்தில் ஒரு குறை. 6, 9, 20 ஆகிய மூன்றிலும் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கரிய ஓட்டைகள்தான் இருக்கின்றன. விளக்கு உயரத்தில் இருக்கும்போது முகமூடியின் விளிம்பு கண்ணுக்குக் கூரை போட்டுவிடும். உட்காருபவரின் மடிக்குச் சற்று முன்னால், படத்தில் விழாதபடி, ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வை. கருவிழியில் ஒரு புள்ளி வெளிச்சம் விழுந்தால் போதும். உள்ளே ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அந்தப் புள்ளியைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இன்னொன்று, உள்ளே வெக்கையாக இருக்கும், தன் மூச்சே தன் முகத்தில் வந்து அடிக்கும், பக்கத்தில் இருப்பது எதுவும் தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றச் சொல். நடக்க வேண்டுமென்றால் நீயே கையைப் பிடித்து அழைத்துப் போ.

இனி எழுதப்போவதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

முகத்தில் இருக்கும் குறைகளைப் படத்தில் திருத்தும் ரீடச்சிங் மேசையில் நான் குனிந்து உட்கார்ந்திருந்ததை நீ சிறுவயதில் பார்த்திருக்கிறாய். வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிந்திருக்கும் நெகட்டிவ்மேல் பிசின் கலந்த திரவத்தைப் பஞ்சால் தேய்த்து, உப்புத்தாளில் ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவேன். தழும்பின் பள்ளம் நெகட்டிவில் மெல்லிய இடமாக இருக்கும். அங்கே பென்சில் கரி ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துச் சமமாகிவிடும். சுருக்கம், பரு, அம்மைத் தழும்பு எல்லாம் போய்விடும். அதில் எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர். வேண்டுமா என்று யாரையும் கேட்டதில்லை. வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

ஒரு நாள் ஒரு பெரியவர் படம் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவருடைய மனைவியின் படம். எடுத்த சில மாதங்களில் அந்த அம்மாள் இறந்துவிட்டிருந்தார். இரண்டு கன்னங்களிலும் அம்மைத் தழும்பு நிறைந்த முகம் அது. நான்தான் பளிங்குபோல ஆக்கிக் கொடுத்திருந்தேன். பெரியவர் கோபப்படவில்லை. "தம்பி, இது அவள் இல்லையே. அவள் முகம் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் நெகட்டிவைத் தேடி எடுத்தேன். டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். என் மூன்று மணி நேர வேலை பஞ்சில் கருப்பாக வந்தது. இருட்டறையில், படத்தைத் தாளில் வரவைக்கும் டெவலப்பர் திரவத் தட்டில் தாளைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். முதலில் கண்கள் வந்தன, பிறகு தலைமுடி வந்தது, கடைசியாக ஒவ்வொரு தழும்பாகக் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. ஈரத்தாளைக் கையில் வாங்கிய பெரியவர் விரலை வைக்காமல் அந்தக் கன்னத்துக்கு மேலாகவே விரலை ஓட்டிப் பார்த்தார். அந்தப் படத்துக்கு நான் பணம் வாங்கவில்லை. அதற்குப் பிறகு கேட்காமல் பென்சிலைத் தொட்டதும் இல்லை. ஆனால் அதற்கு முன் எத்தனை முகங்களைத் துடைத்துவிட்டேன் என்பதற்குக் கணக்கு இல்லை.

அதனால்தான் உன் படங்கள் என்னை இப்படிப் பிடித்து வைத்தன. நான் போட்ட முகமூடி யாருக்கும் தெரியாது, அணிந்தவருக்கே தெரியாது. உன்னுடையது கண்ணெதிரே இருக்கிறது, நாடா தெரிகிறது, காதோரம் விளிம்பு தெரிகிறது. ஜில்லியன் வேரிங் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 2003-இல் தன் தாய், தந்தை, சகோதரன் ஆகியோரின் முகங்களைச் சிலிக்கோனில் செய்வித்து அணிந்து, பழைய குடும்பப் படங்களைப் போலவே தன்னை எடுத்துக்கொண்டார். கண்கள் மட்டும் அவருடையவை. கண்ணைச் சுற்றி முகமூடி வெட்டப்பட்ட கோடு தெரியும். அதை அவர் மறைக்கவில்லை. உன் படங்களிலும் அந்தக் கோட்டைக் கணினியில் அழித்துவிடாதே. மூன்றாவது படத்தில் கழுத்தோரம் அழித்திருக்கிறாய். எனக்குத் தெரியாமல் போகுமா?

ஒரே முகமூடியை எல்லோருக்கும் அணிவித்து ஒரு வரிசை எடுத்தால் என்ன என்றும் கேட்டாய். செய்யலாம். அமெரிக்காவில் ரால்ஃப் யூஜீன் மீட்யார்ட் என்ற புகைப்படக் கலைஞர் ஏறக்குறைய அதைத்தான் செய்தார். மூக்குக் கண்ணாடி செய்து கொடுப்பது அவருக்குத் தொழில். ஒவ்வொரு படத்திலும் அவர் மனைவி மேடலின் ஒரே கிழவி முகமூடியில் நிற்பார். பக்கத்தில் நண்பரோ உறவினரோ ஒருவர், உள்ளே இருக்கும் முகம் மங்கலாகத் தெரியும் முதியவர் முகமூடியில் நிற்பார். படக்குறிப்பில் எல்லோருக்கும் ஒரே பெயர். கடைசிப் படத்தில் அவரும் மனைவியும் உடுப்பையும் முகமூடியையும் மாற்றிக்கொண்டு நின்றார்கள். நோயில் இருந்த அவர் 1972-இல், 46 வயதில் காலமானார். அந்தப் படத்தைப் பார்க்கும் போதெல்லாம் உன் அம்மா என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதாக எனக்குத் தோன்றும். நீ அந்த வரிசையைத் தொடங்கினால், ஒரு நாளில் ஓடிவந்து போகிறவர்களை வைத்து எடுக்காதே. வருடக்கணக்கில் உன்னோடு இருப்பவர்களைக் கொண்டு எடு.

முகமூடி செய்தவர்களின் பெயரை எங்கே போடப்போகிறாய்? நீ அனுப்பிய பட்டியலில் மாடல் பெயர் இருக்கிறது, உன் பெயர் இருக்கிறது, அந்த ஆந்தைக்கு இறகு ஒட்டியவர் பெயரைக் காணோம். புகைப்படக் கலைஞர் கௌரி கில் 2015-இல் தொடங்கி மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹார் பகுதியில் எடுத்த முகமூடிப் படங்களை நீதான் எனக்குக் காட்டினாய். சடங்குகளுக்குத் தெய்வ முகமூடி செய்துவந்த பழங்குடிக் கலைஞர்களிடம், அன்றாட வாழ்க்கையைக் காட்டும் புதிய முகமூடிகளைச் செய்யச் சொல்லி, அந்த மக்களே அணிந்து தங்கள் அன்றாட வேலைகளில் இருப்பதாக எடுத்தார். செய்தவர்களைக் கூட்டாளிகளாக வைத்துக்கொண்டு எடுத்த படங்கள் அவை. உனக்கு முகமூடி செய்து கொடுத்தவர்களையும் அப்படியே அழைத்து உட்கார வை. எது யாருக்குப் பொருந்தும் என்று அவர்களைச் சொல்லச் சொல். அணிபவரே தேர்ந்தெடுக்கட்டும். ஆந்தையை அந்த அம்மாளே எடுத்துக்கொண்டார் என்று நீ சொன்னாய் அல்லவா? மற்றவர்களுக்கு நீ கொடுத்தாய். அந்த வித்தியாசம் படத்தில் தெரிகிறது.

கடைசியாக, நீ ஆறு மாதமாகக் கேட்டு நான் பேச்சை மாற்றிவந்த விஷயம். வந்து உட்காருகிறேன். கேமராவுக்குப் பின்னால் நின்றே பழகியவனுக்கு முன்னால் போவது அச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வருகிறேன். எனக்கு அரை முகமூடி போதும். வாயும் முகவாயும் வெளியே இருக்கட்டும். முகவாயில் இருக்கும் வெட்டுத் தழும்பைத் தொடாதே, அப்படியே விடு. கைகளை எங்கே வைப்பது என்று எனக்குச் சொல்லாதே. என்ன முகமூடி என்பதை அங்கே வந்து, செய்தவரிடம் பேசிவிட்டு எடுத்துக்கொள்கிறேன். மூக்குக் கண்ணாடி இல்லாமல் உன் முகம் எனக்குத் தெரியாது, அதனால் கண்ணாடியைக் கழற்ற மாட்டேன். நாடாவை உதவியாளரிடம் விடாமல் நீயே கட்டு. ரொம்ப இறுக்காதே, காதுக்கு மேல் கம்பி அழுத்தும்.

அன்புடன்,
அப்பா