பரணில் கிடந்த உன் ரேடியான்

திருச்சி
2.11.2025

அன்புள்ள செந்தில்,

நலம், நலமறிய ஆவல். கவிதாவும் பிள்ளைகளும் சுகம்தானே? கனடாவில் உங்கள் மார்க்கமில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, தெருவெல்லாம் சேறு. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ அனுப்பிய தைலத்தைத்தான் தினமும் தேய்க்கிறார், உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். சின்னவன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். கம்ப்யூட்டர் கடை ஓடுகிறது.

இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்காகப் பரணை ஒழித்தேன். ஹாஸ்டலில் வைத்திருந்த தகரப் பெட்டி கிடைத்தது, மேலே உன் கையெழுத்தில் அறை எண் 47. உள்ளே ரெக்கார்டு நோட்டுகளுக்கு அடியில், வெள்ளி நிற உறையில் உன் ரேடியான் 9600 கிராஃபிக்ஸ் கார்டு. 2005 மே மாதம் அறையைக் காலி செய்த அன்று, "செத்ததைத் தூக்கிக்கிட்டு எங்கடா போறது, நீயே வச்சுக்க" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனாயே, அதேதான்.

கடைக்கு எடுத்துவந்து விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். தூசைத் துலக்கியதும் காரணம் கண்ணில் பட்டது. மின்சாரத்தைச் சீராக்கும் குட்டி உருளைகளான கெப்பாசிட்டர்களில் மூன்றின் தலை உப்பியிருந்தது. நடுவில் இருந்ததன் அடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. 2000-க்குப் பிறகு சில வருடங்கள் உலகம் முழுக்க மதர்போர்டுகளைக் கொன்ற வியாதிதான் இது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவத்தின் கலவை சரியில்லாமல் செய்த மலிவுக் கெப்பாசிட்டர்கள், உள்ளே வாயு சேர்ந்து வீங்கிப் போயின. இன்றைக்கு முதல் வருட ஐடிஐ பையன்கூடப் பார்த்ததும் சொல்லிவிடுவான். அன்றைக்கு நம் இரண்டு பேருக்குமே தெரியாது.

மூன்றையும் எடுத்துவிட்டு அதே அளவில் புதியது வைத்தேன். ஒன்று 5 ரூபாய், மொத்தம் 15. சிப் மேல் சுண்ணாம்பாக இறுகிப் போயிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன். அந்தக் காலத்துக் கார்டைச் செருகும் ஏஜிபி ஸ்லாட் உள்ள பழைய பென்டியம் 4 போர்டு ஒன்று மூலையில் கிடந்தது. அதில் செருகி ஆன் செய்தேன். டிஸ்ப்ளே வந்துவிட்டது, செந்தில்! 20 வருடம் கழித்து. கருப்புத் திரையில் எழுத்து வரிவரியாக ஏறியது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்தக் கார்டு செத்த ராத்திரி நான் பேசிய பேச்சு உடனே நினைவுக்கு வந்துவிட்டது. 2005 பிப்ரவரி. திரை கோடுகோடாக ஆகி அணைந்தது. நீ ஒன்றும் சொல்லாமல் கேபினட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் போய், ரிச்சி தெருவில் கடை திறக்கும்வரை வாசலில் காத்திருந்து, உன் அப்பா நெல் விற்ற காசில் 9,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கார்டு. நான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரேடியான்னாலே சூடு, அப்பவே சொன்னேன்ல" என்றேன். அடுத்த நாள் மெஸ்ஸில், லேபில், விங் முழுக்க அதையே சொன்னேன். ஜூனியர் பையன்கள் வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். அந்த வருடம் நம் விங்கில் புதிதாக வாங்கியவர்கள் அத்தனை பேரும் பச்சைப் பக்கம், அதாவது என்விடியா பக்கம், போனது என் வாயால்தான். ஒரே ஒரு கார்டு செத்ததைப் பார்த்த பேச்சு அது. அதுவும் சிப்பால் சாகவில்லை, பெயர் தெரியாத யாரோ செய்த 5 ரூபாய் சாமானால் செத்தது. உன்னிடம் மனதார மன்னிப்புக் கேட்கிறேன்.

ஏன் அப்படிப் பேசினேன் என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் என்விடியா ஜிஃபோர்ஸ் கார்டும் அப்பாவின் காசுதான். தீபாவளி போனஸில் பாதி அதற்குப் போனது. இன்னொன்று வாங்க வழியே கிடையாது, ஐந்து வருடம் அதோடுதான் குடித்தனம். அது தப்பான சாமான் என்று யாராவது சொன்னால், அப்பாவின் காசை நான் வீணடித்தேன் என்று சொல்வது மாதிரி எனக்குக் கேட்டது. அதனால் நான் என்விடியாவுக்கு வக்கீல் ஆனேன். நீ ரேடியானைச் செய்த ஏடிஐக்கு, அந்தச் சிவப்புப் பக்கத்துக்கு, வக்கீல் ஆனதும் அதே காரணத்தால்தான் இருக்கும். கையில் பத்துக் கார்டு இருக்கிறவனுக்கு இந்தச் சண்டை வராது. கடை வைத்த பிறகு எனக்கே அது தணிந்துவிட்டது.

நமக்கு முந்தின காலத்திலும் இப்படித்தான். பிரவுசிங் சென்டர் மூர்த்தி அண்ணனை நினைத்துப் பார். வூடூ கார்டுகளின் கம்பெனியான த்ரீடிஎஃப்எக்ஸ் என்றால் அவருக்கு உயிர். 1999-இல் வந்த வூடூ 3 கார்டு முப்பரிமாண விளையாட்டில் 16 பிட் நிறம்தான் காட்டும், எதிரில் என்விடியாவின் டிஎன்டி 2 கார்டு 32 பிட், அதாவது இன்னும் நிறைய நிறம், காட்டியது. அண்ணன் என்ன சொல்வார்? "கண்ணுக்கு 16 பிட்டே போதும்பா, மத்ததெல்லாம் விளம்பரம்." அவருக்கு அது பொய் இல்லை, உண்மையாகவே நம்பினார். கையில் இருப்பதில் இல்லாத ஒன்று தேவையே இல்லை என்று மனது தானாகச் சொல்லிவிடுகிறது.

அந்தக் கம்பெனி விழுந்த கதையை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தம்தான். எங்கெங்கோ உள்ள கார்டு கம்பெனிகள் அவர்கள் சிப்பை வாங்கிக் கார்டு செய்து விற்றுக்கொண்டிருந்தன. 1998 கடைசியில் எஸ்டிபி என்ற கார்டு கம்பெனியைத் தானே வாங்குவதாக அறிவித்து, இனிமேல் கார்டும் நாமே செய்வோம் என்று மெக்சிகோவின் ஹுவாரெஸில் இறங்கினார்கள். அதுவரை கூட இருந்தவர்கள் எல்லாம் என்விடியாவிடம் போய்விட்டார்கள். 2000 டிசம்பரில் அதே என்விடியாவிடம் சொத்தை விற்கும்படி ஆனது. அப்போதும் ரசிகர்கள் விடவில்லை. கம்பெனி போன பிறகும் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தாங்களே எழுதி வூடூவை ஓட்டினார்கள். அந்தப் பிரியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். உழைப்பைக் கொடுத்து ஒரு சாமானைக் காப்பாற்றினார்கள் இல்லையா?

நீயும் நானும் எறிந்துகொண்ட குற்றச்சாட்டுகளை இப்போது பார்த்தால் இரண்டு பக்கமும் கறை இருக்கிறது. 2001-இல் ஏடிஐ டிரைவர், குவேக் 3 விளையாட்டு ஓடுகிறது என்று பெயரை வைத்துக் கண்டுபிடித்துப் படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியது. சோதித்தவர்கள் "குவேக்" என்று இருந்ததை "குவாக்" என்று மாற்றினார்கள், வேகம் குறைந்து படம் தெளிவானது. நான் இதை ஆயிரம் தடவை சொல்லிக்காட்டியிருப்பேன். 2003-இல் கார்டுகளின் வேகத்தை அளக்கும் த்ரீடிமார்க் 03 சோதனையில் என்விடியாவும் குறுக்கு வழி செய்ததை மட்டும் வாய் திறந்து சொன்னதில்லை. அந்தக் குறுக்கு வழியை அடைத்ததும் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் 24 சதவீதம் இறங்கியது. நீ அதை மட்டும் சொல்வாய். அதே சோதனையில் ரேடியான் 9800 ப்ரோவுக்கும் 1.9 சதவீதம் இறங்கியதைச் சொல்ல மாட்டாய்.

உன் ஊர் சமாச்சாரம் ஒன்று. ஏடிஐ 1985-இல் கனடாவில் பிறந்த கம்பெனி. கே. ஒய். ஹோ, லீ லாவ், பென்னி லாவ் என்று அங்கே குடியேறியவர்கள் தொடங்கியது. தலைமையகம் இருந்தது நீ இப்போது குடியிருக்கும் மார்க்கமில்தான்! ஹாஸ்டலில் அதற்காக அத்தனை சண்டை போட்டவன் கடைசியில் அதன் வாசலுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறாய். 2006-இல் சிப் கம்பெனியான ஏஎம்டி 540 கோடி டாலருக்கு அதை வாங்கியது, 2010-இல் ஏடிஐ என்ற பெயரையும் எடுத்துவிட்டது. ஆனாலும் உங்கள் ஆட்கள் சிவப்பை விடவில்லை. ஏஎம்டியின் சொந்த நிறம் அப்போது பச்சை என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை.

இன்னொன்று கேள். என்விடியாவை நடத்தும் ஜென்சன் ஹுவாங்குக்கும் ஏஎம்டியை நடத்தும் லிசா சுவுக்கும் என்ன உறவு தெரியுமா? ஜென்சனின் தாய்மாமன் பேத்தி லிசா. நம் ஊரில் என்றால் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற சொந்தம். இரண்டு கம்பெனிக்கும் இப்போது சிப்பை அடித்துக் கொடுப்பதும் தைவானின் டிஎஸ்எம்சிதான். மேஜையில் கூலரைக் கழற்றினால் எனக்கு அது தினமும் தெரிகிறது. சிப் மேல் பொறித்திருக்கும் பெயரைத் துணியால் மூடிவிட்டால், சுற்றியிருக்கும் மெமரி சாம்சங், மைக்ரான், ஹைனிக்ஸ் என்று இரண்டிலும் அதே ஆட்கள்தான். சாகிறதும் பெரும்பாலும் அதே மாதிரிதான். தூசு அடைத்த ஹீட்சிங்க், பேரிங் போன ஃபேன், மின்சாரம் கொடுக்கும் மட்டமான எஸ்எம்பிஎஸ்.

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லவில்லை. நீ லினக்ஸில் வேலை செய்கிறவன், ஏஎம்டி டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலோடேயே திறந்த மூலமாக வருகிறது. உன் சிவப்புக்கு அது நல்ல காரணம். 2007-இல் இருந்து, கார்டைக் கணக்கீட்டு வேலைக்கும் பயன்படுத்த உதவும் கூடா என்ற மென்பொருள் அடித்தளத்தை என்விடியா விடாமல் கட்டியது, அதை நம்பி வேலை செய்கிறவனுக்குப் பச்சை நல்ல காரணம். போட்டி இருந்தால் நமக்குத்தான் லாபம் என்பதும் கண்ணால் பார்த்தது. 2008 ஜூனில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 280 கார்டு 649 டாலருக்கு வந்தது. சில நாளில் ரேடியான் எச்டி 4870 கார்டு 299 டாலருக்கு வந்து நின்றதும், 280-இன் விலை 499-க்கு இறங்கியது. இப்போது கடைக்கு வருகிறவர்கள் பலர், "சிவப்புல நல்லதா ஒண்ணு வரட்டும்ணே, பச்சை விலை குறையும், அப்ப பச்சை வாங்கிக்கலாம்" என்கிறார்கள். அப்படியானால் சிவப்பை யார்தான் வாங்குவது? எனக்கு இது பெரிய கவலை. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானம் 13,050 கோடி டாலர், அதில் விளையாட்டுப் பிரிவு 1,135 கோடிதான். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நம் மாதிரி ஆட்கள் மேல் அவர்களுக்கு எத்தனை நாள் கவனம் இருக்கும்?

போன வாரம் ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், காக்கிச் சட்டையோடேயே வந்திருந்தார். பையன் அனிமேஷன் படிக்கிறான், 19 வயது. வந்ததும் ரேடியான்தான் வேண்டும் என்றான். என்ன வேலை செய்கிறாய் தம்பி என்று கேட்டேன். பிளெண்டர் என்றான், முப்பரிமாண அனிமேஷன் செய்கிற மென்பொருள். அதற்குப் பச்சை பார்க்கலாமே என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "நீங்க பச்சை ஆளுன்னு ஃப்ரெண்டு சொன்னான்ணே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. 20 வருடத்துக்கு முன்னால் ஹாஸ்டலில் பேசியது இங்கே வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

நான் வாதாடவில்லை. அவன் பென்டிரைவில் இருந்த அவனுடைய ஃபைலையே, விலையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த பச்சை ஆர்டிஎக்ஸ் 5060-இலும் சிவப்பு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியிலும் ரெண்டர் போட்டு, அதாவது காட்சியைப் படமாக்க விட்டு, கடிகாரம் வைத்தோம். பச்சை முதலில் முடித்தது. அப்புறம் அவன் ஆடும் விளையாட்டைப் போட்டோம், அதில் சிவப்பு விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டையும் அவனே பார்த்துக்கொண்டான்.

அப்பா அதுவரை பேசவில்லை. மெதுவாகக் கேட்டார்: "எது தம்பி நிக்கும்?"

20 வருடம் முன்னால் உன் அப்பாவும் என் அப்பாவும் கேட்க நினைத்த கேள்வி அதுதான், செந்தில். நான் அவரை உள்ளே அழைத்துப்போய், ஓடிக்கொண்டிருந்த உன் ரேடியானைக் காட்டினேன். எடுத்துவைத்திருந்த உப்பிய கெப்பாசிட்டர்களை அவர் கையில் கொடுத்தேன். கார்டில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் நல்ல எஸ்எம்பிஎஸ் போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசு தட்டுங்கள், வாரண்டிக்கு ஊருக்குள்ளேயே சர்வீஸ் சென்டர் இருக்கிற கம்பெனியாகப் பாருங்கள், சிப் எந்தப் பக்கமாக இருந்தாலும் நிற்கும் என்றேன். பையன் அந்தப் பழைய கார்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனான். நேற்று வந்தான். பச்சையில் ஒரு படி கீழே உள்ளதை எடுத்துக்கொண்டு, மிச்சக் காசில் நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கிப் போனான்.

டிசம்பரில் நீ வருவதாகச் சொன்னாய். உன் கார்டை அந்தப் பென்டியம் போர்டோடு அப்படியே வைத்திருக்கிறேன். ஃபேன் மட்டும் காலையில் ஆன் செய்ததும் கொஞ்சம் கரகரக்கிறது, ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருக்கிறேன். நாம் ஆடிய கார் பந்தய சிடியும் அதே பெட்டியில் கிடைத்தது. உள்வட்டத்தில் ஒரு கீறல் இருக்கிறது, ஆனால் படிக்கிறது. அப்பாவையும் கடைக்குக் கூட்டி வா. அந்தக் கார்டு ஓடுவதை அவர் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ராஜா