பையைக் காலியாக வைத்திரு

திருப்பூர்,
ஜூன் 21

அன்புள்ள கண்ணுவுக்கு,

தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா என்று ஐந்து மாதம் சுற்றப் போகிற நீ, எடுத்துப்போக எழுதி அனுப்பிய பட்டியலை மூன்று முறை படித்துவிட்டேன். மொத்தம் 57 சாமான்கள். முதல் முறை படித்தபோது, என் மகள் இவ்வளவு யோசிக்கிறாளே என்று பெருமையாக இருந்தது. இரண்டாம் முறை, இதையெல்லாம் யார் சுமப்பது என்று தோன்றியது. மூன்றாம் முறை சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றவளிடம் பட்டியலைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? இப்போது அதில் 34 மிச்சம். கோபித்துக்கொள்ளாதே. கோபம் வந்தாலும் மேலே படி.

போகாதே என்று இனிமேல் சொல்ல மாட்டேன். பொங்கலன்று சொன்னதோடு அது முடிந்தது. "அவள் சம்பாதித்த பணம், அவள் எடுத்த விடுப்பு, நீ எதற்கு வாசலில் குறுக்கே நிற்கிறாய்?" என்று உன் அப்பா கேட்டார். சரி, நகர்ந்துகொண்டேன். ஆனால் நீ எதை உடுத்திக்கொண்டு அந்த வாசலைத் தாண்டுகிறாய் என்பதில் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை இருக்கிறது.

ஏழு காட்டன் டி-ஷர்ட், மூன்று ஜீன்ஸ் என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில் "நம் ஊர்ப் பருத்திதானே அம்மா" என்று ஒரு வரி வேறு. எனக்கு ஐஸ் வைக்கிறாயாக்கும். பருத்தி நமக்குச் சோறு போட்டது. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 2018-இல் நான் கேதார்நாத் போன கதையை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. கெளரிகுண்டிலிருந்து மேலே 16 கிலோமீட்டர் நடை. கூட்டிப்போன யாத்திரைக்காரர் "ஒரு ஸ்வெட்டர் போதும்மா" என்றார். காட்டன் சுடிதார், காட்டன் லெக்கிங்ஸ், அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் வழியில் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு. பாதி வழியில் மழை பிடித்தது. மழைக்கோட்டின் அக்குள் கிழிந்தது. சுடிதார் நனைந்து உடம்போடு ஒட்டியது, ஒட்டியது காயவே இல்லை. மழை நின்ற பிறகுதான் எனக்கு நடுக்கம் வந்தது. பல் கிட்டிப் பேச்சு குழறியது. டீக்கடை வைத்திருந்த ஓர் அம்மாள் என்னை உள்ளே இழுத்து, ஈரத்துணியைக் கழற்றச் சொல்லி, தன் கம்பளியைப் போர்த்திவிட்டார். இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ.

பருத்தி நூல் காற்றிலிருந்தே தன் எடையில் நூற்றுக்கு 8.5 பங்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் என்று எங்கள் லேபில் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கும். பாலியெஸ்டர் 0.4. கம்பளி 16. வருடக்கணக்காக அந்தத் தாளைக் கடந்துதான் சாப்பிடப் போனேன். அதற்கு அர்த்தம் அந்த மலையில்தான் விளங்கியது. கம்பளி பருத்தியைவிட அதிக ஈரம் குடிக்கும், ஆனால் இழைக்குள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு உடம்புக்குச் சூடு தரும். பருத்தி ஈரத்தை உன் தோலிலேயே அப்பி வைக்கும். நம் ஊர் வெயிலுக்கு அது வரம். பெருவின் குஸ்கோவிலும் பொலிவியாவின் உயுனியிலும் இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிற குளிரில் அதுவே எதிரி.

நம்ப மாட்டாய் என்று தெரியும். அதனால் போன செவ்வாய்க்கிழமை சோதித்தே பார்த்துவிட்டேன். நீ இங்கே விட்டுப்போன மெரினோ ஆட்டுக் கம்பளி டி-ஷர்ட், காதர்பேட்டையில் வாங்கிய பாலியெஸ்டர் ஒன்று, உன் அப்பாவின் காட்டன் பனியன் ஒன்று. மூன்றையும் ஒரே வாளியில் நனைத்து, ஒரே மாதிரி பிழிந்து, ஃபேன் போடாமல் ஹாலில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். இரவு எட்டு மணி. பதினொன்றரைக்குப் பாலியெஸ்டர் காய்ந்துவிட்டது. விடியற்காலை தண்ணீர் குடிக்க எழுந்தபோது மெரினோ காய்ந்திருந்தது. காலை ஏழு மணிக்கும் அப்பாவின் பனியன் தையல் ஓரத்தில் சில்லென்று இருந்தது. "என் பனியன் எங்கே?" என்று அவர் போட்ட சத்தத்தைத் தனியாக எழுதவில்லை.

ஆகவே மெரினோ இரண்டு, பாலியெஸ்டர் ஒன்று, படுக்கும்போது போட ஒரே ஒரு காட்டன். பாலியெஸ்டர் சீக்கிரம் நாறும், மெரினோ நாறாது, அதனால் இரண்டுக்கு ஒன்று. மெரினோ வாங்கும்போது லேபிளில் ஜி.எஸ்.எம். பார், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு அது. 150 என்றால் உள்ளே போட, 200-க்கு மேல் என்றால் குளிருக்கு. ஜி.எஸ்.எம். எப்படிப் பார்ப்போம் தெரியுமா? வட்டமான ஒரு கட்டரை வைத்துத் துணியில் ஓர் அப்பளம் வெட்டி எடுப்போம். சரியாக 100 சதுர சென்டிமீட்டர். அதைச் சின்னத் தராசில் போட்டு, ஒன்றரை கிராம் வந்தால் 150. அவ்வளவுதான் வித்தை. கம்பளி நம் ஊர்த் தொழில் இல்லை, லூதியானாக்காரர்கள் பிழைப்பு. ஆனாலும் விரலுக்குத் துணி துணிதான். ஜீன்ஸ் மூன்றையும் அடித்துவிட்டேன். நனைந்த ஜீன்ஸைக் காயவைக்க நீ அங்கே ஒரு வாரம் வாடகைக்கு வீடெடுக்க வேண்டியிருக்கும்.

மழை ஜாக்கெட்டுக்கு மட்டும் பணத்தைப் பார்க்காதே. லேபிளில் நீரழுத்த அளவு 10,000 மி.மீ. என்று போட்டிருந்தால் துணி தண்ணீரைத் தாங்கும், சரி. ஆனால் தண்ணீர் துணி வழியாக வருவதைவிடத் தையல் வழியாகத்தான் வரும். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை, கண்ணு. கடையில் வாங்கியதும் முதல் வேலையாக அதை உள்பக்கம் திருப்பு. எல்லாத் தையல் மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும், அக்குளிலும் தொப்பி சேருமிடத்திலும் கூட. விற்பவர் முறைப்பார். முறைக்கட்டும். நான் எந்தப் பீஸையும் வெளிப்பக்கம் பார்த்து பாஸ் செய்ததே இல்லை. அர்ஜென்டினாவின் தெற்கே படகோனியாவில் காற்று ஆளைத் தள்ளும் என்கிறார்கள். டிசம்பரில் நீ அங்கே இருப்பாய், அது அவர்களுக்குக் கோடைக்காலம், ஆனாலும் அந்தக் காற்றுக்குக் கோடையாவது குளிராவது.

பை. 65 லிட்டர் எழுதியிருக்கிறாய், 40 போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத்தான் கை போகும். உன் உயரத்தைப் பார்த்துக் கடைக்காரர் பை எடுத்துக் கொடுத்தால் வாங்காதே, அளவெடுக்கச் சொல். கழுத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்தால் துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை. நான் ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது முதுகைத் தடவுவேனே, அதே இடம்தான். எடை இடுப்புப் பட்டையில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடந்த பாட்டியின் பேத்திக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தோள்பட்டை பையோடு சேருமிடத்தில் நெருக்கமாகக் குறுக்குத் தையல், பார்டேக் என்போம், விழுந்திருக்கிறதா பார். அது இல்லாத பையை எடுக்காதே. எல்லாம் வைத்த பிறகு மொத்தம் 9 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

ஷூவை மாலையில் போய் வாங்கு. பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் மலையில் உன் உண்மையான அளவு. வாங்கியதை அட்டைப்பெட்டியில் வைத்துவிடாதே. நாளைக்கே போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போ. ஆகஸ்டுக்குள் அந்த ஷூ நூறு கிலோமீட்டராவது சென்னையைப் பார்த்திருக்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தள்ளிப்போடுகிறாய் என்று அப்பா சொன்னார். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். உன் பயணத்துக்கு மட்டும் இல்லை. பெரு, பொலிவியா, அர்ஜென்டினாவிலிருந்து திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே அந்த மஞ்சள் புத்தகத்தைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். ஐந்து மாதம் காத்திருந்த எனக்கு அந்த ஆறு நாள் தாங்காது.

உயர மலைக்கான மாத்திரையைப் பட்டியலில் சேர்த்திருக்கிறாய். டாக்டரிடம் கேட்காமல் வாங்காதே. ஏழாம் வகுப்பில் உனக்குச் சல்பா மருந்து கொடுத்து உடம்பெல்லாம் தடித்துப்போனதே, நினைவிருக்கிறதா? அதை அவரிடம் கட்டாயம் சொல், அந்த மாத்திரையும் அதே வகையைச் சேர்ந்தது. லிமா கடற்கரை ஊர். அங்கிருந்து விமானத்தில் நேரே 3,400 மீட்டரில் இருக்கும் குஸ்கோவில் இறங்கி, அன்றே ஊர் சுற்றக் கிளம்பாதே. இறங்கியதும் பஸ் பிடித்துக் கீழே ஒய்யான்டைடாம்போ பக்கம் போய் இரண்டு மூன்று இரவு தங்கு, அது 2,800 மீட்டர்தான். மச்சு பிச்சு அதைவிடத் தாழ்வு, 2,430. மேலே போவதற்கு உடம்பு ஒத்துக்கொள்ளட்டும், பிறகு போ. அங்கே கோக்கா இலை டீ தருவார்கள், குடித்துக்கொள். ஒரு இலையைக்கூட ஞாபகார்த்தமாகப் பைக்குள் போட்டுவிடாதே, நம் ஊரில் அது குற்றம்.

சில்லறை விஷயங்கள். பவர் பேங்க் 20,000 எம்.ஏ.எச். வரை போதும், அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். அந்த நாலு நாட்டிலும் மின்சாரம் பெரும்பாலும் நம்மைப் போலவே 220, 230 வோல்ட்தான், அர்ஜென்டினாவில் மட்டும் சாய்ந்த பட்டைக் கால் பிளக், அதற்கு ஓர் அடாப்டர். டாலர் நோட்டு புதிதாக, மடிப்புக் கிழிசல் இல்லாமல் பார்த்து வாங்கு, ஓரம் கிழிந்ததைப் பெருவில் தொட மாட்டார்களாம். நம் கண்டக்டர்களே தேவலை போலிருக்கிறது.

பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் தருகிறேன், தலைக்குக் கால் கிலோ. சிலி எல்லைக்கு முன்னால் தின்று தீர்த்துவிடு. அங்கே விதை, பழம், செடி சம்பந்தப்பட்ட எதையும் மறைத்துக் கொண்டுபோனால் அபராதம் போடுவார்கள். மிச்சமிருந்தால் படிவத்தில் இருக்கிறது என்று எழுதிவிட்டு அவர்கள் சொல்வதைக் கேள். ஒரு டப்பா பொடிக்காக என் பெயரைக் கெடுக்காதே.

இன்னொன்று. இருபது வருடத்துக்கு மேல் நான் லேபிள் பார்த்திருக்கிறேன் இல்லையா. ஸ்பெயின் ஆர்டர் வரும்போது உள்கழுத்து லேபிளில் "அல்கொதோன்" என்றும் அடியில் "ஹெச்சோ என் இந்தியா" என்றும் இருக்கும். நீ ஸ்பானிஷ் வகுப்புக்குப் போன பிறகுதான் அதில் "ஹ" சொல்லக் கூடாது, "எச்சோ" என்றாய். எத்தனை ஆயிரம் பீஸில் அதைத் தப்பாகவே படித்திருக்கிறேன்! எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் அவ்வளவுதான்: பருத்தி, இந்தியாவில் செய்தது.

பெருவின் வடக்கில் பியூரா பக்கம் பிமா பருத்தி விளைகிறது. நம் கோயம்புத்தூரில் உருவாக்கிய சுவின் பருத்தியும் அதே இனம்தான். சுஜாதா என்ற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற ரகத்தையும் கலந்து, இரண்டின் பெயரிலும் பாதிப் பாதி எடுத்து வைத்த பெயர் சுவின். அந்த நூலில் பின்னிய துணி செக்கிங்குக்கு வந்தால் நாங்கள் கையைக் கழுவிக்கொண்டு தொடுவோம். அந்த இனத்தின் தாய்வீடே நீ போகிற பக்கம்தான். பெருக் கடற்கரையில் வாக்கா பிரியெட்டா என்ற மேட்டில், ஆறாயிரம் வருடத்துக்கு முன் அவுரி நீலம் தோய்த்த பருத்தித் துணித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஆறாயிரம் வருடமாகியும் நீலம் தெரிகிறதாம். எங்களிடம் துணி வாங்குகிறவர்கள் ஒரு சலவைக்குச் சாயம் போனாலே லாட்டையே திருப்பி அனுப்புவார்கள்.

அங்கே இயற்கையிலேயே பழுப்பு நிறத்தில் காய்க்கும் பருத்தியும் உண்டு. எங்காவது கண்ணில் பட்டால், விதை எடுத்து வராதே, பஞ்சை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெதுவாக இழுத்துப் பார். இழை எவ்வளவு நீளம் வருகிறது, பட்டு மாதிரி வழுக்குகிறதா, நம் பஞ்சு மாதிரி பிடிக்கிறதா என்று எனக்குப் போனில் சொல். படம் வேண்டாம். படத்தில் ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஊசி, நாற்பதாம் நம்பர் நூல், சேஃப்டி பின், உன் மழை ஜாக்கெட்டில் போட ஒரு மாற்று ஜிப் ஸ்லைடர் எல்லாம் ஒரு சின்னப் பனியன் துணிப் பையில் தைத்து வைத்திருக்கிறேன். சமையலறையில் ஒன்பது கிலோ அரிசி இருக்கிறதா பார், இல்லையென்றால் வாங்கி வை. அதைப் பைக்குள் போட்டு, நீ உன் ஃபிளாட்டின் நாலு மாடியையும் இரண்டு தரம் ஏறி இறங்குவதை நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் வரும்வரை எதையும் அடுக்காதே. பையைக் காலியாக வைத்திரு.

அம்மா