அந்த மாதிரிப் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள்

கோலாலம்பூர் வட்டாரப் பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்பு வழிகாட்டிப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். பட்டமளிப்பு விழா நெருங்குகிறது. இறுதியாண்டு மாணவர்களுக்கு நீங்கள் அனுப்பும் ரெசுமே மாதிரி இந்த ஆண்டும் ஓர் எழுத்துகூட மாறாமல் வந்திருக்கிறது. பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் அதே இரண்டு பத்தி, அதே நீலப் பட்டை, வட்டத்துக்குள் புகைப்படம், 'எக்செல் 80%' என்று திறமையை அளக்கும் கோடுகள். இந்த மாதிரி பிள்ளைகளின் வாய்ப்பைக் கெடுக்கிறது என்று முன்பே முறையிட்டாயிற்று.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பம் முதலில் போய்ச் சேர்வது அதை வாசித்துப் பிரிக்கும் மென்பொருளிடம். இரண்டு பத்தியில் இருப்பதைச் சில மென்பொருள்கள் குறுக்கே வாசித்துவிடும். இடப்பக்கத் தொலைபேசி எண் வலப்பக்கப் பட்டத்தின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத் தலைப்புப் பகுதியில் வைத்த மின்னஞ்சல் முகவரி விடுபட்டுப் போகலாம். கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தில் 'ஃப்ளாட்டன்' செய்து இறக்கிய பிடிஎஃப் என்றால் உள்ளே இருப்பது எழுத்தே அல்ல, படம். சோதிக்க இரண்டு நிமிடம் போதும்: பிடிஎஃப் கோப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே குழம்பிக் கிடந்தால் மென்பொருளுக்கும் பெரும்பாலும் அந்தக் குழப்பம்தான் போய்ச் சேரும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் ஒரு மாதிரியை எப்படிக் கொடுக்கிறீர்கள்?

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு இடி இருக்கிறது. 'கவிதா ஏ/பி முருகன்' (ஏ/பி என்றால் மலாயில் 'மகள்') என்று அடையாள அட்டையில் பெயருள்ள ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாதிரியில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டே கட்டங்கள். முருகன் குடும்பப் பெயராகிவிடுகிறார். நேர்காணலுக்கு அழைப்பவர் 'மிஸ் முருகன்' என்கிறார். கோப்புக்கு முழுப் பெயரை வைத்தால் விண்டோஸ் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. சில இணைய விண்ணப்பங்களும் ஏற்பதில்லை. ஓரிடத்தில் ஏ/பி, இன்னோரிடத்தில் இல்லை, சான்றிதழில் வேறு மாதிரி என்றால், ஒரே ஆள்தானா என்ற சந்தேகம் பிள்ளையின் தலையில் விழுகிறது. ரெசுமேயின் உச்சியில் அடையாள அட்டைப்படி முழுப் பெயர், கோப்புக்கு 'கவிதா-முருகன்-ரெசுமே', சாய்கோட்டை மறுக்கும் படிவங்களில் எல்லாம் ஒரே எழுத்துக்கூட்டு. இவ்வளவுதான் தீர்வு. இதைப் பற்றி உங்கள் வழிகாட்டியில் ஒரு வரி இல்லை. அந்த மாதிரியைத் திரும்பப் பெறுங்கள்.

அடையாள அட்டை எண்ணுக்கும் அதில் ஒரு கட்டம். அந்த 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றையென்றால் ஆண், இரட்டையென்றால் பெண். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் போகும் தாளில் இதை எழுதச் சொல்வது மோசடிக்காரர்களுக்குக் கதவைத் திறந்து வைப்பது. மதம், இனம், பெற்றோர் தொழில் எதுவும் வேண்டாம். வீட்டு முகவரிக்குப் பதில் 'கிள்ளான்' என்று ஊர்ப் பெயர் போதும்.

இத்தனை கட்டங்களுக்கு நடுவில் தொழிற்பயிற்சிக்கு நீங்கள் ஒதுக்கியது இரண்டே வரி. புதுப் பட்டதாரியிடம் காட்ட இருப்பதே அதுவும் இறுதியாண்டுத் திட்டப்பணியும்தான். 'கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுவார்' என்பதை யாரும் எழுதலாம். 'கணக்காய்வு அலுவலகத்தில் 12 வாரம். மாதம் 300 பில்களை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றை எக்செலின் வி-லுக்கப் வாய்பாடு மூலம் பிரித்தெடுத்தல்' என்பதை அந்த வேலையைச் செய்தவர்தான் எழுத முடியும். அந்த வரியைக் கேட்டு வாங்கத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

பட்டதாரிகள் வேலையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிறார்கள் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். நூறு விண்ணப்பம் அனுப்பிவிட்டு ஓர் அழைப்புக்காகக் கைப்பேசியைப் பார்த்தபடி இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பேச்சு எப்படி வலிக்கும்? பிடிபிடிஎன் என்னும் அரசு உயர்கல்விக் கடனும் தலைக்கு மேல் நிற்கிறது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். பணிவோடு கேட்பது இதுதான்: அந்த மாதிரியைத் திரும்பப் பெறுங்கள். ஒரே பத்தி, ஒரே பக்கம், படமில்லாத வேர்ட் கோப்பு ஒன்றைத் தாருங்கள். பட்டமளிப்புக்கு முன் ஒவ்வொரு மாணவரோடும் 20 நிமிடம் உட்காருங்கள். ஆள் போதவில்லை என்றால் சனிக்கிழமைகளில் வந்து உதவ நாங்கள் தயார்.

இப்படிக்கு,
கிள்ளான் பள்ளத்தாக்கில் பட்டதாரிகளின் ரெசுமேக்களைத் திருத்தித் தரும் தன்னார்வலர்கள்