சிவப்பியின் கழுத்துப்பட்டி

நீர்வேலி,
தை மாதம்.

அன்பின் குலம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் பிந்தியதற்குக் காரணம் மாடு. சிரிக்காதே மச்சான்.

அக்காவின் பேரன் கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறான் எல்லோ, அவன் தன் படிப்புக்கென்று ஒரு கழுத்துப்பட்டி செய்துவந்து எங்கள் சிவப்பிக்குக் கட்டிவிட்டான். நீ வேலை செய்த டென்மார்க் பண்ணையில் மாட்டின் காலில் ஒரு கருவி கட்டுவார்கள் என்று எழுதியிருந்தாயே, அதன் தம்பி. உள்ளே பெரிய வித்தை ஒன்றுமில்லை. போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அந்த அசைவை அறியும் சில்லுதான். தின்னும்போது தலை ஆடுவது ஒரு விதம், இரைமீட்கும்போது தாடை அசைவது வேறு விதம். இரண்டையும் பிரித்து, நடையையும் சேர்த்துக் கணக்கெழுதி என் போனுக்கு அனுப்புகிறது.

முதல் கிழமை ஒரே கூத்து. சிவப்பி பூவரசில் கழுத்தைத் தேய்த்ததெல்லாம் தீன் கணக்கில் ஏறியது. அதன்படி பார்த்தால் அவள் பகல் முழுக்க ஓயாமல் தின்றிருக்கிறாள்!

ஐப்பசியில் ஓர் இரவு இரண்டு மணிக்குப் போன் கத்தியது. மாடு கத்தவில்லை, போன்தான். சிவப்பி கொட்டிலுக்குள் வழமையைவிட இரண்டு மடங்கு நடக்கிறாளாம். விடியப் போய்ப் பார்த்தால் ஒன்றும் அறியாதவள் போலப் படுத்திருக்கிறாள். சில மாடுகள் சத்தமே போடாமல் வேட்கைக்கு வரும், அதுவும் இரவில். அந்த வேட்கை அரை நாளுக்குச் சற்று அதிகமாக நிற்கும், அவ்வளவுதான். தவறினால் 21 நாள் காத்திருக்க வேண்டும். போன வருடம் மூன்று தரம் தவறவிட்டு இரண்டு மாதம் வீணாய்ப் போனது. இந்த முறை அன்று பின்னேரமே சினை ஊசி போடுபவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு இந்தப் பட்டி தேவைப்பட்டிராது. கொட்டிலோடு ஒட்டிய திண்ணையில்தான் படுப்பா. மாடு இரைமீட்கும் சத்தம் நின்றால் நித்திரை குழம்பி எழும்பிப் போய்க் காதைத் தொட்டுப் பார்ப்பா. பட்டியும் அப்படித்தான், இன்றைய சிவப்பியை நேற்றைய சிவப்பியோடுதான் ஒப்பிடுகிறது. நாளுக்கு ஏழு மணித்தியாலம் இரைமீட்பவள் மார்கழியில் ஒரு நாள் நாலோடு நின்றாள். வெப்பமானி வைத்தேன், 40 பாகை. வழமையில் 38.5 தானே. மடி வீங்கியது மறுநாள்தான். அதற்குள் மிருக வைத்தியர் வந்து மருந்து தொடங்கிவிட்டார்.

இப்போது பொடியன் பட்டியிலேயே சூட்டையும் அளக்கப் போகிறானாம். வேண்டாம் என்றேன். எங்கள் பங்குனி வெயிலில் கழுத்துத் தோல் காய்ச்சலையா சொல்லும்? குளிசை போல ஒன்றை விழுங்க வைத்து வயிற்றுக்குள்ளேயே விடுகிறார்களே, அதுதான் சரி. மாடு தண்ணீர் குடித்தால் அதுவும் கொஞ்ச நேரம் ஏமாறும், பரவாயில்லை.

2022 மார்கழிக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேல் ஆடுமாடுகள் செத்தன, நினைவிருக்கும். வெட்டையில் நின்ற அந்த மாடுகளுக்குப் பட்டி என்ன செய்திருக்கும்? ஒரு கூரை வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் பொடியனுக்கு முகம் சுருங்குகிறது.

போன கிழமை வைத்தியர் கையை உள்ளே விட்டுப் பார்த்து, சினை உறுதி என்றார். 280 நாளை எண்ணினால் நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டிக் கன்று. நீ வருவதென்றால் கன்று ஈன்ற முதல் பாலில் கடும்பு காய்ச்சி வைக்கிறேன். வரும்போது தடித்த நைலோன் வார் இரண்டு வாங்கி வா. இங்கே வாங்கியதைப் பூவரசில் தேய்த்தே அறுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
ராசன்