நதியோரக் குளம் – சண்முகநதி இணைப்புப் பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் செயற்குழுவின் வணக்கம். சாலைக்காகக் கரையை உயர்த்தியபோது, பழனி மலைச் சிற்றாறுகள் சேர்ந்து வரும் சண்முகநதியிலிருந்து துண்டிக்கப்பட்ட நமது குளம் மீண்டும் ஆற்றோடு இணைந்துவிட்டது. சீமைக் கருவேலம் அகற்றல், வண்டல் எடுப்பு, வரத்து வாய்க்கால் மதகு ஆகியவை மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

செலவு கூடியது போக்கு வாய்க்காலில்தான். அது ஆற்றில் இறங்கும் இடத்தில் கல் பாவிய சரிவு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தும், ஒப்பந்ததாரர் 2 அடி உயரத்துக்குச் செங்குத்தான கான்கிரீட் சுவரை எழுப்பிவிட்டு, சரிவு முதல் வெள்ளத்திலேயே அரித்துப் போகும் என்று வாதிட்டார். தண்ணீர்தான் போகிறதே, கட்டியதை ஏன் இடிக்க வேண்டும் என்று நம் உறுப்பினர் சிலரும் கேட்டனர். தண்ணீர் போகும், மீன் ஏறாது. ஐப்பசிப் புதுவெள்ளத்தில் கெண்டை எதிரேறித்தான் குளத்தின் புல் மண்டிய ஓரங்களுக்கு முட்டையிட வரும். சுவரடியில் தடைபட்டு நின்றால் கொக்குக்கும் வலைக்கும்தான் இரையாகும். இடிக்கச் சொன்னோம். அவர் மறுத்து, புரட்டாசியில் ஆட்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அளந்து பார்த்துச் சரியாக இருந்த வேலைக்கு மட்டும் தொகை கொடுத்து, சுவருக்கான தொகையை நிறுத்திவைத்தோம். இதில் செயற்குழு ஒருமனதாக நின்றது. பிறகு உள்ளூர்க் கொத்தனார்களைக் கொண்டு அந்த 2 அடி இறக்கத்தை 40 அடி நீளத்துக்கு வாட்டமாக்கி, பெரிய உருண்டைக் கற்களை இடையிடையே துருத்தி நிற்கும்படி பதித்தோம். ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் ஓட்டம் தணிவதால், மீன் அங்கே நின்று நின்று ஏறுகிறது. ஐப்பசி வெள்ளம் மேலே புரண்டு ஓடியும் ஒரு கல்கூடப் பெயரவில்லை என்பதைப் பெருமையோடு பதிவுசெய்கிறோம்.

கூடுதல் செலவுக்கு உறுப்பினர்களிடம் வரி வசூலிக்கவில்லை. ஆயக்குடி கொய்யா வியாபாரிகள், மகளிர் சுயஉதவிக் குழுவினர், கல் ஏற்றி வந்த டிராக்டர் உரிமையாளர்கள், பள்ளியின் முன்னாள் மாணவர்கள், கொத்தனார்களுக்கு நாள்தோறும் சோறாக்கிப் போட்ட மேலத்தெருக் குடும்பங்கள், பெயர் வெளியிட வேண்டாம் என்ற பாதயாத்திரை அன்பர் ஒருவர் என அனைவருக்கும் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

வளர்ப்பு மீன்களான கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டால் ஏலத்தொகை வருமே என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீனையும், 2000-இல் அரசு தடைசெய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் கோடையில் குளம் வற்றியபோது அரித்தெடுத்தது நாட்டு மீன் பெருகுவதற்காகத்தான், வளர்ப்பு மீனை விடுவதற்காக அல்ல. கார்த்திகையில் கோரைக்கு நடுவே செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைத் தாய் விரால் காவல் காத்து ஓட்டிச் சென்றதைப் பலரும் நேரில் கண்டீர்கள்.

அடுத்த இரண்டு பருவங்களுக்குக் குளத்தில் வலை வீசக் கூடாது, போக்கு வாய்க்காலில் கம்பிவலை கட்டக் கூடாது என்ற தீர்மானத்தைப் பொதுக்குழு நிறைவேற்றித் தர வேண்டுகிறோம். கணக்குப் புத்தகமும் ரசீதுகளும் தை மாதம் முழுவதும் சங்கக் கட்டடத்தில் பார்வைக்கு இருக்கும்.