ஒரே பெயர், வேறு பெல்ட்: டேக் டீம் பட்டக் கணக்கில் சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் டேக் டீம் (ஜோடியாக ஆடுவோருக்கான) பட்டத்தின் வரலாறு பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்தது. தமிழில் இந்த விஷயத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்குவதே அபூர்வம். ஆனால் கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் மூன்று பட்டங்களின் கணக்கு ஒன்றோடொன்று கலந்துவிட்டது. இப்போது அந்த நிறுவனத்தின் 'ரா' என்ற வாராந்திர நிகழ்ச்சியில் இருக்கும் 'வேர்ல்டு டேக் டீம் சாம்பியன்ஷிப்' 1971இல் தொடங்கியது என்றும், அதை டட்லி பாய்ஸ் ஜோடி 8 முறை வென்றது என்றும் அதில் இருக்கிறது. 1971இல் அந்தப் பெயரில் ஒரு பட்டம் தொடங்கியது உண்மை. டட்லி பாய்ஸ் அதை 8 முறை வென்றதும் உண்மை. அந்தப் பட்டம் 2010 ஆகஸ்ட் 16 அன்று ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது அதே பெயரைச் சுமப்பது 2002இல் பிறந்த வேறொரு பட்டம்.

முடிவை முன்பே எழுதி வைத்து ஆடும் ஆட்டத்துக்கு வரலாறு ஒரு கேடா என்று சிலர் கேட்பார்கள். யார் ஜெயிப்பது என்பது எழுதி வைத்ததுதான். ஆனால் எந்தத் தேதியில், எந்த ஊரில், யார் கையிலிருந்து யார் கைக்குப் பட்டத்தின் அடையாளமான பெல்ட் போனது என்பது பல்லாயிரம் பேர் முன்னால் நடந்தது. ட்ரம்ப் கார்டில் உயரம், எடை, ரேங்க் என்று மனப்பாடம் செய்து வளர்ந்த ஒரு தலைமுறையே இங்கே இருக்கிறது. அவர்கள் எண்ணைச் சரிபார்க்காமல் விடமாட்டார்கள்.

முதலில் 1971. நிறுவனத்தின் பதிவேட்டின்படி அந்த ஆண்டு ஜூன் 3 அன்று நியூ ஆர்லியன்ஸில் லூக் கிரஹாம், டார்ஸன் டைலர் ஜோடி முதல் சாம்பியன்கள். டிசம்பர் 6 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கார்ல் காட்ச், ரெனே கூலே ஜோடி அவர்களை வென்றது. அதற்கும் முன்பு, 1958 முதல் 1967 வரை, அமெரிக்காவின் வடகிழக்கில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் டேக் டீம்' பட்டம் ஒன்று இருந்தது. அது தனிக் கணக்கு, 1971 பட்டியலில் சேராது.

39 ஆண்டுகள் ஓடிய இந்தப் பட்டத்தில் பெரிய பெயர்களெல்லாம் இருக்கின்றன. மிஸ்டர் ஃபுஜி, டோரு டனாகா ஜோடி. ஓராண்டுக்கு மேல் பெல்ட்டை விடாத வேலியன்ட் சகோதரர்கள். 1983இல் வென்ற ராக்கி ஜான்சன், டோனி அட்லஸ். (இந்த ராக்கி ஜான்சன்தான் 'தி ராக்' டுவைன் ஜான்சனின் அப்பா.) 1986இல் பிரிட்டிஷ் புல்டாக்ஸ், 1987இல் ஹார்ட் ஃபவுண்டேஷன், பிறகு டெமாலிஷன். 2000, 2001இல் ஏணி, மேசை, நாற்காலியோடு எட்ஜ்-கிறிஸ்டியன், ஹார்டி பாய்ஸ், டட்லி பாய்ஸ் மோதியதெல்லாம் இந்தப் பட்டத்துக்காகவே. 2001 நவம்பர் 18 அன்று க்ரீன்ஸ்பரோவில் இரும்புக் கூண்டுக்குள் நடந்த ஆட்டத்தில், போட்டி நிறுவனமாக இருந்த டபிள்யூ.சி.டபிள்யூ.வின் டேக் டீம் பட்டமும் இதனோடு இணைந்து முடிந்துபோனது.

குழப்பத்தின் வேர் 2002இல் இருக்கிறது. அந்த ஆண்டு நிறுவனம் வீரர்களை 'ரா', 'ஸ்மாக்டவுன்' என்ற இரண்டு நிகழ்ச்சிகளுக்கெனப் பிரித்தது. ஜூலை 21 அன்று எட்ஜ், ஹல்க் ஹோகன் ஜோடியிடமிருந்து லான்ஸ் ஸ்டார்ம், கிறிஸ்டியன் ஜோடி பட்டத்தைப் பறித்தது. அந்த மாதமே அவர்கள் 'ரா'வுக்குப் போக, பட்டமும் கூடவே போயிற்று. ஸ்மாக்டவுனில் ஜோடிகள் இருந்தன, மோதிக்கொள்ள பெல்ட் இல்லை. அதனால் புதிதாக 'டபிள்யூ.டபிள்யூ.இ. டேக் டீம் சாம்பியன்ஷிப்' உருவாக்கப்பட்டது. அக்டோபர் 20 அன்று 'நோ மெர்சி' நிகழ்ச்சியில் நடந்த, இதற்கான தொடரின் இறுதிப் போட்டியில் எட்ஜ், ரே மிஸ்டீரியோவை வென்று கர்ட் ஆங்கிள், கிறிஸ் பென்வா முதல் சாம்பியன்கள் ஆனார்கள். இது இரண்டாவது பட்டம்.

இரண்டும் ஆறரை ஆண்டுகள் தனித்தனியே ஓடின. 2009 ஏப்ரல் 5, ஹூஸ்டன், நிறுவனத்தின் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் 25ஆவது பதிப்பு. 2002 பட்டத்தை வைத்திருந்த கார்லிட்டோ, பிரைமோ சகோதரர்கள், 1971 பட்டத்தை வைத்திருந்த ஜான் மோரிசன், 'தி மிஸ்' ஜோடியை வென்றார்கள். 38 வயதுப் பட்டத்தின் இணைப்பு ஆட்டத்தை நேரடி ஒளிபரப்பு தொடங்குவதற்கு முன்பே நடத்தி முடித்துவிட்டார்கள் என்பது இன்றுவரை ரசிகர்களுக்கு ஆறாத குறை.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 2009இல் இரண்டு பட்டங்களும் ஒன்றாகிவிடவில்லை. ஒரே ஜோடியின் கையில் இரண்டும் இருந்தன, அவ்வளவே. ஆளுக்கு இரண்டு பெல்ட் என்று நான்கு பெல்ட்டுகளோடு வலம் வந்தார்கள். பதிவேட்டிலும் இரண்டு தனித் தனிப் பட்டியல்கள் தொடர்ந்தன. 2010 ஆகஸ்ட் 16 அன்றுதான் பழையது ஓய்வு பெற்றது. அப்போதைய சாம்பியன்கள் டைசன் கிட், டேவிட் ஹார்ட் ஸ்மித் ஜோடி. அவர்களுக்குப் பிரெட் ஹார்ட் செம்பு நிறத்தில் ஒரு ஜோடி புது பெல்ட் கொடுத்தார். ஓய்வு பெற்றது மூத்த பட்டம், பிழைத்தது இளையது. நியாயமா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நடந்தது அதுதான்.

மூன்றாவது பட்டம் 2016இல் வந்தது. வீரர்களை மறுபடி இரண்டாகப் பிரித்தபோது 'ஸ்மாக்டவுன் டேக் டீம்' பட்டத்தை உருவாக்கினார்கள். செப்டம்பர் 11 அன்று ஹீத் ஸ்லேட்டர், ரைனோ முதலில் வென்றார்கள். 'ரா' பக்கம் இருந்த 2002 பட்டத்துக்கு 'ரா டேக் டீம்' என்று பெயர் மாறியது. 2024 ஏப்ரல் 6 அன்று 40ஆவது ரெஸில்மேனியாவில் ஆறு ஜோடிகள் மோதிய, மேலே தொங்கும் பெல்ட்டை ஏணியில் ஏறி எடுக்கும் ஆட்டத்தில் ரா பெல்ட்டை மிஸ், ஆர்-ட்ரூத் ஜோடியும், ஸ்மாக்டவுன் பெல்ட்டை ஆஸ்டின் தியரி, கிரேசன் வாலர் ஜோடியும் கழற்றி எடுத்தன. அதே மாதம் 15ஆம் தேதி 2002 பட்டத்துக்கு 'வேர்ல்டு டேக் டீம்' என்றும், 19ஆம் தேதி 2016 பட்டத்துக்கு 'டபிள்யூ.டபிள்யூ.இ. டேக் டீம்' என்றும் பெயர் வைத்தார்கள். முதலாவது, ஓய்வு பெற்ற 1971 பட்டத்தின் பெயர். இரண்டாவது, 2002 பட்டம் 2016 வரை வைத்திருந்த பெயர். பெயரை மட்டும் வைத்துத் தேடும் எவருக்கும் தப்பான பட்டியல்தான் கிடைக்கும். சென்னை முகவரியில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுவதுபோல, பட்டத்தின் பெயரோடு அது தொடங்கிய ஆண்டையும் போட்டுவிட்டால் தீர்ந்தது.

படம் போடும்போது பெல்ட்டின் வாரைப் பார்த்தால் போதும். சிவப்பு வார் என்றால் 2016 டிசம்பர் முதல் 2024 ஏப்ரல் வரையிலான ரா பெல்ட், அதாவது 2002 பட்டம். நீல வார் என்றால் 2016 பட்டம். கட்டுரையில் 1971 பற்றிய பத்திக்கு மேலே சிவப்பு வார் பெல்ட் படம் அச்சாகியிருக்கிறது.

அடுத்து நாள் கணக்கு. டெமாலிஷன் 489 நாள் வைத்திருந்ததாகக் கட்டுரை சொல்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அவர்கள் வென்றது 1988 மார்ச் 27, நான்காவது ரெஸில்மேனியா. ஆர்ன் ஆண்டர்சன், டல்லி பிளான்சர்ட் ஜோடியிடம் தோற்ற ஆட்டம் தொலைக்காட்சியில் வந்தது 1989 ஜூலை 29. இடையே எண்ணினால் 489 வரும். ஆனால் ஆட்டம் நடந்து பதிவானது ஜூலை 18. நிறுவனத்தின் கணக்கு 478. அந்தக் காலத்துப் பட்ட மாற்றங்கள் பலவற்றுக்கு ஆட்டம் நடந்த தேதி ஒன்று, ஒளிபரப்பான தேதி ஒன்று என்று இரண்டு இருக்கும். ஹார்ட் ஃபவுண்டேஷன் 1987இல் முதன்முதலில் வென்றதும் அப்படித்தான்: நடந்தது ஜனவரி 26, ஒளிபரப்பானது பிப்ரவரி 7. எதை எடுத்தாலும் சரி, பட்டியல் முழுக்க ஒன்றையே எடுக்க வேண்டும்.

478ஐத் தாண்டியது நியூ டே அணி: 2015 ஆகஸ்ட் 23 முதல் 2016 டிசம்பர் 18 வரை 483 நாள். ஆனால் அவர்கள் கையில் இருந்தது 2002 பட்டம். அவர்கள் வென்றபோது அதற்கு ஒரு பெயர், இழந்தபோது வேறு பெயர். எனவே '1971 பட்டத்தில் டெமாலிஷனின் சாதனையை நியூ டே முறியடித்தது' என்ற வரி தவறு. அந்தப் பட்டத்தில் டெமாலிஷனின் 478 இன்றும் முதலிடத்தில்தான் இருக்கிறது. 'நிறுவனத்தின் டேக் டீம் பட்டங்களில்' என்று எழுதினால் சரி. அந்த 483ஐயும் ஊசோஸ் சகோதரர்கள் தாண்டிவிட்டார்கள். 2021 ஜூலை 18 முதல் 2023 ஏப்ரல் 1 வரை 622 நாள், 2016 பட்டத்தில். 2022 மே 20 அன்று ராண்டி ஆர்ட்டன், ரிடில் ஜோடியிடமிருந்து ரா பெல்ட்டையும் அவர்கள் எடுத்தார்கள். ஆகவே கெவின் ஓவன்ஸ், சாமி ஸெய்னிடம் தோற்ற அந்த இரவில் ஒரு பட்டத்தில் 622, இன்னொன்றில் 316. இரண்டையும் கூட்டக் கூடாது.

எட்ஜ் விஷயத்திலும் இதே கதை. 1971 பட்டத்தில் அவருக்கு 12 முறை: கிறிஸ்டியனோடு 7, பென்வாவோடு 2, ஹோகன், ஆர்ட்டன், கிறிஸ் ஜெரிக்கோவோடு தலா 1. 2002 பட்டத்தில் 2 முறை: மிஸ்டீரியோவோடு ஒன்று, ஜெரிக்கோவோடு ஒன்று. 14 என்பார்கள். ஆனால் ஜெரிக்கோவோடு வென்றது 2009 ஜூன் 28இல் ஒரே ஆட்டம். இரண்டு பெல்ட்டும் அப்போது சேர்ந்தே இருந்ததால் இரண்டு பட்டியலிலும் ஏறியது. எத்தனை பட்டம் என்றால் 14, எத்தனை வெற்றி என்றால் 13.

சமோவா வம்சாவளி மல்யுத்தக் குடும்பம் பற்றிய பத்தி கட்டுரையிலேயே நன்றாக வந்த பகுதி. அதில் ஒரே ஒரு சறுக்கல்: ஊசோஸும் அதே பட்டத்தை வென்றதாக எழுதியது. அஃபா, சிகா ஜோடி 1980இல் வென்ற பட்டத்தை அஃபாவின் மகன் சமு 1994இல் ஃபாட்டுவோடு சேர்ந்து வென்றார். அப்பா, மகன், ஒரே பட்டம், இது சரி. அந்த ஃபாட்டுதான் பின்னாளில் ரிக்கிஷி, ஊசோஸின் அப்பா. ஆனால் ஊசோஸ் முதல்முறை பெல்ட் வென்ற 2014இல் அப்பா வைத்திருந்த பட்டம் ஓய்வு பெற்று மூன்றரை ஆண்டு ஆகிவிட்டது. அவர்கள் வென்றது 2002 பட்டம்.

பட்டியலில் இல்லாத ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் கட்டுரை அதைச் சேர்த்திருக்கிறது. 1990 அக்டோபர் 30, இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன். ஹார்ட் ஃபவுண்டேஷனை எதிர்த்து ஷான் மைக்கேல்ஸ், மார்ட்டி ஜனெட்டி, அதாவது ராக்கர்ஸ். மூன்றில் இரண்டு வென்றால் பட்டம். இரண்டாவது சுற்றில் ரிங்கின் மேல் கயிறு அறுந்து தொங்கியது. ராக்கர்ஸின் ஆட்டமே அந்தக் கயிற்றின் மேல்தான்: அதில் ஏறிக் குதிப்பது, அதில் மோதித் திரும்பும் வேகத்தில் தாக்குவது. கயிறு தளர்ந்தால் மூலையில் நிற்கும் கூட்டாளிக்கும் பிடிமானம் போகும். தட்டுத் தடுமாறி ஆட்டத்தை முடித்தார்கள், ராக்கர்ஸ் பெல்ட்டோடு போனார்கள். ஆனால் அந்தப் பதிவு அன்றைய தொலைக்காட்சியில் வரவே இல்லை. பட்டம் கைமாறியதாகவும் நிறுவனம் ஏற்கவில்லை. 1990 ஆகஸ்ட் 27 முதல் 1991 மார்ச் 24 வரை 209 நாள் ஹார்ட் ஃபவுண்டேஷனே சாம்பியன் என்று பதிவேடு சொல்கிறது. ராக்கர்ஸைக் குறிப்பிடலாம், ஆனால் எண்ணிக்கையில் சேர்க்காமல் அடிக்குறிப்பாக.

நியூ டேயில் மூவர் இருக்க 'இருவர் மட்டும்' என்று எழுதியதும் திருத்தத்துக்குரியது. கோஃபி கிங்ஸ்டன், பிக் ஈ, சேவியர் வுட்ஸ் மூவருமே சாம்பியன்கள், எந்த இருவரும் களமிறங்கலாம். 'ஃப்ரீபேர்ட் விதி' என்று இதற்குப் பெயர். மூவராக ஆடிய ஃபேபுலஸ் ஃப்ரீபேர்ட்ஸ் அணியால் வந்தது. 1990இல் க்ரஷ் என்பவர் மூன்றாமவராகச் சேர்ந்தபின் டெமாலிஷனும் இப்படி ஆடியது.

கடைசியாக ஹைதராபாத். 2023 செப்டம்பர் 8 அன்று கச்சிபௌலியில் ஓவன்ஸ், ஸெய்ன் ஜோடி இந்திய வீரர்களான வீர், சங்காவோடு மோதியதைப் 'பட்டப் போட்டி' என்று கட்டுரை குறிப்பிடுகிறது. ஆறு நாள் முன்பு, செப்டம்பர் 2 அன்றே, அவர்கள் ஃபின் பாலர், டேமியன் பிரீஸ்டிடம் இரண்டு பட்டத்தையும் இழந்துவிட்டார்கள். ஹைதராபாத்துக்கு வந்தது முன்னாள் சாம்பியன்கள்.

பெட்டிச் செய்தியின் முதல் இரு வரிகளை இப்படி மாற்றி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்: 'வேர்ல்டு டேக் டீம் சாம்பியன்ஷிப் (தொடக்கம் 2002, பழைய பெயர்கள் டபிள்யூ.டபிள்யூ.இ. டேக் டீம், ரா டேக் டீம்): முதல் சாம்பியன்கள் ஆங்கிள், பென்வா. இதே பெயரில் 1971 முதல் 2010 வரை இருந்தது வேறு பட்டம்: முதல் சாம்பியன்கள் கிரஹாம், டைலர், கடைசி சாம்பியன்கள் கிட், ஸ்மித்.'

இப்படிக்கு,
தங்கள் வாசகர்